எடை குறையும், வலியும் குறையுமா?

இல்லமும் நலமும்



மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட மடல் இத்திங்கள் நமக்குக் கிடைத்தது. அவருக்கு வயது 43. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 92 கிலோ. ஆறு ஆண்டுகளாக உடலெங்கும் ஓயாத குடைச்சல். இரவெல்லாம் படுத்திருந்தாலும் காலையில் அடித்துப் போட்டாற்போன்ற அசதி. ஒருநாள் துணி துவைத்து, வீடு மெழுகினால், அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. பல மருத்துவர்களைக் கண்டபின், இது ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்றும், அதனுடன் நாட்பட்ட களைப்பு நோயும் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் எடையும் போகும், வலியும் போகும் என்று உறவினர் ஒருவர் கூற, நகைகளை அடகு வைக்கவும் குடும்பத்தார் ஆயத்தமாகிவிட்டனர்.

சகோதரி கேட்பவை மூன்று. இச்சிகிச்சையால் வலியும் களைப்பும் தீருமா? ஏற்கெனவே நொந்து கிடக்கும் இவ்வுடல் அதைத் தாங்குமா? மூன்றாவது கேள்வியைக் கண்ணீரோடு எழுதியிருக்கிறார்: “போசனப்பிரியத்துக்கும் சோம்பலுக்கும் கிடைத்த தண்டனை இது என்கிறார் என் மாமியார். கடவுள் தந்த உறுப்பை வெட்டி எறிவது இன்னொரு பாவம் ஆகாதா?”

மடலை மட்டும் கண்டு, ஒருவர் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. அது அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரின் பொறுப்பு. ஆயினும், முடிவெடுக்குமுன் ஒரு குடும்பம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே கூறுவோம். இறுதிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அம்முள்ளை அகற்றாமல் மற்றவற்றைச் சிந்திக்க மனம் இடங்கொடாது.

நோய்க்குப் பாவம் என்று பெயரிடலாகாது

போசனப்பிரியமும் சோம்பலும் தலையான பாவங்கள் ஏழில் அடங்கும் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் அனைவரும் படித்தோம். ஆனால் பாவம் என்பது அறிந்து, மனம் ஒப்பிச் செய்வது. நோயோ எவருடைய சம்மதத்தையும் கேட்டு வருவதில்லை. செங்கற்பட்டு வட்டாரத்தாருக்கு இதை விளக்கத் தொலைவில் உதாரணம் தேட வேண்டுவதில்லை. நகருக்கு அருகே திருமணியில், 1955-ஆம் ஆண்டு மத்திய அரசு அமைத்த தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நோயும் ஒரு காலத்தில் சாபம் என்றும், பாவத்தின் சம்பளம் என்றும் பேசப்பட்டதே. நோயாளர் புண்ணால் பட்ட துன்பத்தைவிட ஊரார் சொல்லால் பட்ட துன்பம் பெரிது. அது கிருமியால் வரும் நோய் என்பது தெளிவாயிற்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் குணமாகும் நோய் என்பதும் நிலைநாட்டப்பட்டது. நோய் மாறாமல் இருந்த நாளிலும் அது பாவமாக இருந்ததில்லை.

உடற்பருமனும் அவ்வாறே. பரம்பரை, சுரப்பிகளின் இயக்கம், தூக்கமின்மை, உட்கொள்ளும் மருந்துகள், மலிவாகக் கிடைக்கும் உணவின் தன்மை ஆகிய பலவும் சேர்ந்து எடையைக் கூட்டுகின்றன. உணவில் அளவு காப்பது நற்பண்பே; ஆனால் பருத்த உடலைக் கண்டதும் பெருந்தீனி என்று தீர்ப்பிடுவது நீதியன்று.

உறுப்பை அகற்றுவது பற்றித் திருச்சபையின் போதனை தெளிவானது. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில், உறுப்பு முழு உடலுக்காக இருக்கிறது என்றும், முழு உடலின் நன்மைக்குத் தேவையானால் அதன் ஒரு பகுதியை இழக்கச் சம்மதிக்கலாம் என்றும் விளக்கினார். ஆகவே தக்க மருத்துவக் காரணத்தோடு செய்யப்படும் இவ்வறுவையில் பாவம் ஏதுமில்லை. தேவையா, பயன் தருமா என்பதே உண்மையான வினா.

கண்ணுக்குத் தெரியாத இரு நோய்கள்

ஃபைப்ரோமயால்ஜியாவில் தசைகளோ மூட்டுகளோ சிதைவதில்லை. வலியை மூளைக்கு உணர்த்தும் நரம்பு மண்டலமே மிகையாக விழித்துக்கொள்கிறது. வானொலிப் பெட்டியின் ஒலியை யாரோ திருகி உயர்த்திவிட்டாற்போல, சிறு அழுத்தமும் பெருவலியாகிறது. எக்ஸ்ரே படத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே பலர் இதை வாயு என்றும், நரம்புத் தளர்ச்சி என்றும், நடிப்பு என்றுங்கூடக் கூறிவிடுகின்றனர். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 1990-இல் உடலில் 18 இடங்களைக் குறித்து, அவற்றுள் 11 இடங்களிலாவது அழுத்தும்போது வலி இருக்கவேண்டும் என்று வகுத்தது. 2010-இல் அம்முறையை மாற்றி, வலி பரவியுள்ள இடங்களையும், களைப்பு, தெளிவில்லாத விழிப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றையும் கணக்கிடும் முறையைக் கொணர்ந்தது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது.

நாட்பட்ட களைப்பு நோய் வேறொன்று. சிலரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2015-இல் வகுத்த இலக்கணப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, உறங்கியும் தீராத சோர்வு, சிறு உழைப்புக்குப் பின்னும் மறுநாள் படுக்கையில் தள்ளும் தளர்ச்சி ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றோடு சிந்தனை மந்தமாவதோ, எழுந்து நின்றால் தலைசுற்றுவதோ சேர்ந்திருக்கும். துணி துவைத்த மறுநாள் எழ இயலவில்லை என்று சகோதரி எழுதியிருப்பது சோம்பலின் விவரமன்று, நோயின் விவரம்.

இங்கே ஒரு சுழலையும் காண்க. வலியால் நடமாட்டம் குறைகிறது, எடை ஏறுகிறது. வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளும் சிலருக்கு எடையைக் கூட்டுகின்றன. ஏறிய எடை முழங்காலை அழுத்துகிறது; உறக்கத்தில் மூச்சைத் தடுக்கிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் வலி மிகுகிறது. எடை முந்தியதா, வலி முந்தியதா என்று பிரித்தறிவது எளிதன்று.

அறுவைச் சிகிச்சை என்ன செய்கிறது?

1966-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று பெரிதும் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை நீளவாக்கில் அகற்றி, வாழைப்பழம் போன்ற ஒரு குழலை மட்டும் விடுவர். மற்றொன்றில், இரைப்பையின் மேற்புறத்தில் முட்டையளவான சிறு பையை அமைத்துச் சிறுகுடலோடு நேரே இணைத்து, உணவு குடலின் ஒரு பகுதியைத் தொடாமல் செல்லச் செய்வர். இரண்டும் வயிற்றில் சிறு துளைகளிட்டே செய்யப்படுகின்றன. கொள்ளளவு குறைவதோடு, பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன. பலர் ஓரிரு ஆண்டுகளில் தம் மொத்த எடையில் கால் பங்கு அளவு இழக்கின்றனர். ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி 4,000-க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007-இல் அறிவித்தது. எனவே இதை வெறும் அழகுச் சிகிச்சை என்று தள்ளிவிட முடியாது.

யாருக்கு இது பொருந்தும்? எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. சகோதரிக்கு 92-ஐ 1.55-ஆல் இருமுறை வகுக்க 38 வருகிறது. இந்தியருக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே தோன்றுவதால், 2009-இல் நம் நாட்டு வல்லுநர் கூடி, வேறு நோய் இல்லையெனில் 37.5-க்கு மேலும், எடையால் வரும் நோய் இருந்தால் 32.5-க்கு மேலும் அறுவையைக் கருதலாம் என்றனர். 2022-இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் கழகங்கள் இவ்வெல்லைகளை மேலும் தளர்த்தியுள்ளன. எனவே எண் கணக்கில் சகோதரி தகுதியுடையவரே. ஆனால் தகுதி என்பது கட்டாயம் அன்று.

வலி தீருமா?

நேர்மையான விடை இது: எடையால் வந்த துன்பங்கள் பெரும்பாலும் குறையும், எடையால் வராதவை அப்படியே நிற்கக்கூடும். முழங்கால் நோவு, மூச்சிரைப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை குறைவதை மருத்துவ உலகம் நன்கறியும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. எடை குறைந்தபின் வலி தணிந்ததாக அவற்றில் பலர் கூறியுள்ளனர், எல்லாரும் அல்லர். நாட்பட்ட களைப்பு நோய்க்கு இது மருந்து என்று கூற ஆதாரம் இல்லை.

ஆதலால் எடையைக் குறைக்கவேண்டிய காரணம் தனியே வலுவாக இருந்தால் இச்சிகிச்சையை எண்ணலாம். வலி தீரும் என்ற ஒரே நம்பிக்கையில் இதில் இறங்குவது தகாது. அவ்வாறு இறங்கி வலி தீராதபோது, கடனோடு மனமுறிவும் வந்து சேரும்.

முன்னதாகக் கவனிக்க வேண்டியவை

முதலாவது, களைப்புக்கு வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் டி, பி-12 குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவை எளிய பரிசோதனையிலும் உரையாடலிலும் வெளிப்படும். உரத்த குறட்டையும், உறக்கத்தில் திணறலும் இருந்தால் உறக்கப் பரிசோதனை அவசியம். மூச்சுத் தடை இருப்பின், இரவில் காற்றழுத்தக் கருவியைப் பொருத்துவதாலேயே சிலருக்குக் களைப்பில் பாதி போய்விடுகிறது. அறியப்படாத மூச்சுத் தடையோடு மயக்க மருந்து ஏற்பது ஆபத்துமாகும்.

இரண்டாவது, மாத்திரைகள். இந்நோயாளர் பலர் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்குகின்றனர். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அவற்றால் பயன் சொற்பம். மாற்றுவழி அறுவைக்குப் பின்னோ, அவை இணைப்பில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். ஆதலால் வாழ்நாள் முழுவதும் விலக்கத்தக்கவை. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் மாற்றியமைத்த குடலில் சரியாகச் சேராமல் போகலாம். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அறுவை மருத்துவரிடமும் வலி மருத்துவரிடமும் முன்கூட்டியே காட்டுக.

மூன்றாவது, சத்துக்குறைவு. அறுவைக்குப் பின் பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொண்டு, காலந்தோறும் இரத்தம் சோதிக்கவேண்டும். இவற்றை விட்டுவிட்டால் சோர்வும் உடல்வலியும் கைகால் மரப்பும் வரும். பழைய நோய்தான் மிகுந்தது என்று எண்ணி ஏமாறுவது இங்கேதான். ஓயாத வாந்தி இருந்தால் வைட்டமின் பி-1 குறைந்து, நடை தள்ளாடி, பார்வை இரட்டித்து, அறிவு மயங்கும். அது அவசர நிலை.

நான்காவது, உழைப்பின் அளவு. இரத்தம் உறையாதிருக்க அறுவை செய்தவுடனேயே சிறுநடை நடக்கச் செய்வர், அது தேவை. பிறகு ‘தினம் ஒரு மணி நேரம் வேகமாக நட’ என்பது பொதுவான அறிவுரை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் உடற்பயிற்சி நன்மை தருவது உண்மை. நாட்பட்ட களைப்பு நோயிலோ, அவ்வாறு கட்டாயமாக உயர்த்திச் செல்லும் பயிற்சியைத் தரலாகாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021-இல் கூறிவிட்டது. சக்தி தீருமுன் ஓய்வு கொள்வதே அங்கு விதி. ஆகவே இவ்விரு நோயையும் அறிந்த மருத்துவர் ஒருவர் சிகிச்சைக் குழுவில் இருத்தல் வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். முதலில் தெளிந்த நீராகாரம், பின் பால், கஞ்சி, மசித்த உணவு என்று சில வாரங்கள் கழிந்த பின்னரே வழக்கமான சாப்பாடு. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேரவேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வாழும் நம் கடலோர மக்களுக்கு மீன் கிடைப்பது ஒரு பேறே. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பிலிட்டு உண்க. சோற்றையும் நீரையும் ஒரே வேளையில் கலவாதிருப்பதும் நன்று. திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று வற்புறுத்தும் அன்பைக் கைகூப்பி மறுக்கப் பழகவேண்டும்.

மருத்துவமனையைத் தேர்வது

அனுபவம் மிக்க நிலையங்களில் இவ்வறுவையால் நேரும் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை என்பர். குறைவுதான், ஆனால் அந்த ஒருவர் ஒரு வீட்டின் பிள்ளை. 2024 ஏப்ரல் மாதத்தில், நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபுறத்தே, சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது; அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி இல்லை என்று கண்டு, அம்மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

எனவே விளம்பரத்தின் கவர்ச்சியையோ கட்டணத்தின் மலிவையோ கண்டு செல்லாமல், இவற்றைக் கேளுங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் அங்கேயே உள்ளனவா? இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா? இம்மருத்துவர் இதே அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? உணவு ஆலோசகர் உண்டா? வீடு திரும்பியபின் நள்ளிரவில் துன்பம் நேர்ந்தால் யாரை அழைப்பது? இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளும் மருத்துவமனை உங்களுக்கு ஏற்றதன்று.

வீடு திரும்பிய வாரங்களில் நாடித் துடிப்பு விரைவு, காய்ச்சல், கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். ‘எனக்கு எப்போதும் வலிதானே’ என்று பொறுத்துக்கொள்வது இந்நோயாளர்க்கு உரிய தனி ஆபத்து. மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த வழியையும் நேரத்தையும் முன்னரே எண்ணி வையுங்கள்.

நகையும் காப்பீடும்

செலவு இலட்சக்கணக்கில் ஆகும். காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, 18 வயது நிறைந்தவருக்குக் குறியீடு 40 இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை உடனிருந்தால், எடை குறைப்பு அறுவையைக் காப்பீட்டிலிருந்து விலக்க முடியாது. ஃபைப்ரோமயால்ஜியா அப்பட்டியலில் இல்லை. 38 என்ற குறியீட்டோடு வேறு நோய் ஏதுமில்லை என்றால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஆகவே எழுத்தில் ஒப்புதல் பெற்ற பின்னரே நாள் குறியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உடையோர், தம் நிலைக்கு அது உதவுமா என்று அரசு மருத்துவமனையில் நேரில் விசாரிக்கலாம்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் 2025 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன. டிர்செபடைட் அவ்வாண்டு மார்ச்சிலும், எடைக்கென அமைந்த செமாகுளுடைட் ஜூனிலும் வந்தன. குமட்டலும் வாந்தியும் பலருக்கு உண்டு. நிறுத்தினால் எடை மீளும். இவையும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே ஏற்கத்தக்கவை. அறுவைக்கு முன் இவ்வழியையும் மருத்துவரிடம் பேசலாம்.

குடும்பத்தாருக்கு

அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் வரை குடம் தூக்கலாகாது. கனத்த வேலை கூடாது. சமையலை யார் ஏற்பார்? பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவார்? இதற்கு விடையில்லாத வீட்டில் அறுவைக்கு நாள் குறிப்பது கொடுமை. வலியுள்ளவரைச் ‘சோம்பேறி’ என்று அழைக்கும் பழக்கத்தை வீட்டார் இன்றோடு விட்டொழிக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமலே வலியைத் தணிக்கும் சிகிச்சை அது.

ஆலயத்தில் முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே திருப்பலி காணலாம். அதில் குறை ஏதுமில்லை. நோயாளரைத் தவக்கால நோன்பு கட்டாது. நன்மை வாங்குமுன் காக்கவேண்டிய ஒரு மணி நேர ஒடுக்கமும் நோயுற்றோரைக் கட்டுவதில்லை. மருந்தையும் சிற்றுணவையும் தயங்காமல் உட்கொள்ளலாம்.

அன்புச் சகோதரி, நகைகள் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் இரத்தப் பரிசோதனையும் உறக்கப் பரிசோதனையும் முடியுங்கள். உண்ணும் மருந்துகளை மருத்துவர் ஒருமுறை சீர்தூக்கட்டும். உணவு ஆலோசகரைக் கண்டு சில மாதம் முயலுங்கள். அதன்பின்னும் எடையே உடலை நலிவிக்கிறது என்று மருத்துவர் உறுதி கூறினால், தெளிந்த மனத்தோடு அறுவையை ஏற்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது தோல்வியன்று.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் எலும்பும் நரம்பும் தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியையும், தொந்தி பருத்த பூதகணங்களையும் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். இருவருக்கும் அச்சிற்பி ஒரே பாறையில் இடம் தந்தான். மெலிந்த பின்னர்தான் மதிப்பு என்னும் எண்ணம் வேண்டாம். இன்றிருக்கும் இவ்வுடலோடும் இவ்வலியோடும் நீங்கள் உங்கள் இல்லத்தின் தாய். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரும் மாமியாரும் உடனிருக்க உரக்கப் படியுங்கள். பின்னர் மூவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்.